மருமகளுக்கு ஒரு டார்ச்

"இது ரெண்டு கிலோமீட்டர் தூரம் அடிக்கும்மா," என்றார் கடைக்காரர், டார்ச்சை விரலிடுக்கில் சுழற்றிக்கொண்டே.

"என் மருமகள் இறங்குற தொட்டியே நூறடி அகலம்தான். மீதி வெளிச்சத்தை வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?"

கடைக்காரர் சிரித்தார். வாங்க வந்தவள் சிரிக்கவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் ஒரு மலை, மலைமேல் ஒரு ஆள், அவன் கையிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் நேராகப் போய் நிலாவில் இடித்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் நாலைந்து எண்கள். அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்டால், "பவரும்மா, பவர்" என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துணி அறைக்குப் பொறுப்பாளர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எல்லாம் அவள் கை பட்டுத்தான் மாடிக்குப் போகும். புது விரிப்புகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும்போது ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். இழை விலகியிருந்தாலோ, ஓரத் தையல் ஒரு விரற்கடை விட்டுப் போயிருந்தாலோ, கட்டு வந்த வழியே திரும்பிப் போகும். சரக்கு கொண்டுவருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனாலும் அவளுக்குத் தெரியும், தெரிந்ததில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருபத்தாறு வருஷத்தில் அவள் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கைத்துண்டைக்கூட யாராலும் உள்ளே நுழைக்க முடிந்ததில்லை. அப்படிப்பட்டவளை ஒரு டார்ச் இந்தப் பாடு படுத்தும் என்று யார் கண்டது?

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான், மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போவான். மருமகளுக்கு வேலை இங்கே. அதனால் அவள் மாமியார் மாமனாரோடு இருக்கிறாள். பெட்ரோல், டீசல் எல்லாம் சேமித்து வைக்கிற பெரிய பெரிய இரும்புத் தொட்டிகளைக் காலி செய்து கழுவியதும், பக்கவாட்டில் இருக்கிற வட்டத் துளை வழியாக உள்ளே போய், தகடு எங்கே துருப்பிடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்து எழுதுவது அவள் வேலை. கல்யாணம் ஆன புதிதில் இதைக் கேள்விப்பட்டதும் மாமியார் சொன்னது: "உலகத்துல ஆயிரம் வேலை இருக்கு. குனிஞ்சு ஓட்டைக்குள்ள நுழையற வேலைதான் கிடைச்சுதா?" அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக அந்த வேலையைப் பற்றி இருவருக்கும் நடுவே ஒரு பேச்சும் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மருமகள் நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு.

"ஒண்ணுமில்ல மாமா," என்று சாப்பிடும்போது மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "உள்ள பாதி தூரம் போனதும் டார்ச் படுத்துக்கிச்சு. குழாயைத் தாங்குற கம்பி ஒண்ணு, அது எனக்கு முன்னாடியே அங்க நின்னுட்டிருந்தது போல."

மாமனார் பஸ் டிரைவர். சிரிப்பு அவருக்கு எப்போதும் வாசல்படியிலேயே நிற்கும். அவர் சிரித்தார், மருமகளும் சிரித்தாள். அடுப்பங்கரையிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல."

அதோடு சிரிப்பு நின்றது. மருமகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். பூதக்கண்ணாடி ஏற்கெனவே துடைத்த அடுப்பை இன்னொரு தடவை துடைத்தாள். கேட்க நினைத்தது "வலிக்குதா?" என்று. வந்தது வேறு. அவள் நாக்கு அப்படி. நல்லதைப் பூட்டி வைத்துவிட்டு மற்றதைத்தான் வெளியே அனுப்பும்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மருமகளுக்குப் பிறந்தநாள்.

"துணி எடுத்துக் குடு," என்றார் கணவர்.

"நாள் பூரா துணியோடதானே மாரடிக்கிறேன். டார்ச் வாங்கப் போறேன். நல்ல டார்ச். நடுவழியில காலை வாராத டார்ச்."

"எந்த மாதிரின்னு அவளையே ஒரு வார்த்தை கேட்டுக்கயேன்."

"பரிசு குடுக்கறவ போய், என்ன பரிசு வேணும்னு கேப்பாளா? நீங்க சும்மா இருங்க."

அப்படித்தான் அந்த முதல் கடைக்கு வந்தாள். கடை வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் டார்ச்சை எரியவைத்துக் காட்டினார் கடைக்காரர். "இருட்டுல பார்க்கணும்" என்றாள். அவர் மேஜைக்குக் கீழே குனியச் சொன்னார். குனிந்தாள். மேஜைக்குக் கீழே பழைய அட்டைப்பெட்டிகளும் ஒரு ஜோடி செருப்பும் நன்றாகவே தெரிந்தன. டப்பாவின் மேல் தண்ணீர் தெறிக்கிற படம் போட்டிருந்தது. சரி, போகட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், அதை வாளித் தண்ணீரில் போட்டது. கால் மணி நேரம் கழித்து எடுத்தால், கண்ணாடிக்குப் பின்னால் மீன்தொட்டி மாதிரி தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கடைக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "யாராவது டார்ச்சைத் தண்ணியில போடுவாங்களாம்மா?"

"தண்ணி தெறிக்கிற படம் நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"அது மழைத் தண்ணிம்மா. மேலேர்ந்து விழற தண்ணி. நீங்க போட்டது நிக்கற தண்ணி."

துணி வியாபாரிகள் சொல்லும் எத்தனையோ சாக்குகளைக் கேட்டவள் அவள். துவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள், துவைத்ததால்தான் இப்படி ஆனது என்பார்கள். நிற்கிற தண்ணீர், விழுகிற தண்ணீர் என்று பிரித்துச் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். அரைமணி நேரம் மல்லுக்கு நின்றும் அவர் மசியவில்லை. டார்ச்சை அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் வாய்க்குள் அந்த மனுஷனைக் காய்ச்சிக்கொண்டே வந்தாள்.

மகனுக்குப் போன் போட்டாள். "அதெல்லாம் கடையில போய் வாங்கக் கூடாதும்மா. ஆன்லைன்ல பாரு. பத்தாயிரம் பேர் அஞ்சு நட்சத்திரம் குடுத்தது ஒண்ணு இருக்கு, நான் அனுப்பறேன்," என்றான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி முகவரிக்கே வந்து சேர்ந்தது. மருமகள் கண்ணில் படக்கூடாது அல்லவா?

துணி அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அலமாரிகளுக்கு நடுவே நின்று டார்ச்சை அழுத்தினாள். கண் கூசிப்போயிற்று. கடைசி அலமாரியில் அடுக்கிய விரிப்புகளின் கரை நூல்கூடத் தெரிந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. மூன்று நிமிஷம்தான் மலர்ந்திருந்தது. அதற்குள் டார்ச்சின் கழுத்து கொதிக்க ஆரம்பித்தது, வெளிச்சம் படிப்படியாக இறங்கியது, பத்தாவது நிமிஷம் அது மெழுகுவத்தியோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருட்டில் ஒரு அம்மாள் டார்ச்சும் கைக்கடிகாரமுமாக நிற்பதைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார்.

"என்னக்கா, விரிப்புக்கு எக்ஸ்ரே எடுக்கறீங்களா?"

அவள் புலம்பித் தீர்த்தாள். அவர் டார்ச்சை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "புதுசுல எல்லாம் இப்படித்தான்க்கா கண்ணைப் பறிக்கும். சூடானதும் தன்னால குறைச்சுக்கும். இல்லேன்னா வெந்துபோயிடும். டப்பாவுல எழுதற எண்ணுக்கெல்லாம் யாரும் காவல் இல்ல. எவ்வளவு வேணா எழுதிக்கலாம். அப்புறம், உங்க மருமகளுக்கு வேண்டியது தூரமா பாயற வெளிச்சம் இல்ல. பக்கத்துல இருக்கற சுவரைப் பார்க்கத்தானே? அப்போ நல்லா பரவுற வெளிச்சமா பாருங்க. கெட்டியான உடம்பு வேணும். கனமா, உலோகத்துல. ஃபேக்டரிக்காரங்களுக்குச் சாமான் விக்கற கடை ஒண்ணு இருக்கு, அங்க போங்க."

"பத்தாயிரம் பேர் நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்களே?"

"பத்தாயிரம் பேரும் மூணு நிமிஷம்தான் பார்த்திருப்பாங்க."

டார்ச்சைத் திருப்பி அனுப்ப நாலு தடவை போன் செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு இயந்திரக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. அழுத்தியதற்கெல்லாம் பாட்டுத்தான் வந்தது. கடைசியில் அதை மேஜை டிராயரில் போட்டு, டிராயரை ஓங்கிச் சாத்தினாள். பக்கத்து அறையிலிருந்த சலவை ஆட்கள் அன்றைக்கு அவள் பக்கம் தலைகாட்டவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கணவருக்கு விடுப்பு. அவரையும் இழுத்துக்கொண்டு ஃபேக்டரிச் சாமான் கடைக்குப் போனாள். உள்ளே கையுறையும் தலைக்கவசமும் கயிறும் சங்கிலியும் தொங்கின. விற்பனையாளர் அவளைத் தாண்டி அவள் கணவரிடம் போனார்.

"சொல்லுங்க சார், என்ன பார்க்கறீங்க?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. அவங்கதான் பார்க்கறாங்க."

"டார்ச் வேணும்," என்றாள் அவள்.

"எதுக்கு சார் வேணும்?" என்றார் விற்பனையாளர், மறுபடியும் கணவரிடமே.

அவள் கையைத் தட்டினாள். பஸ்ஸை நிறுத்தத் தட்டுகிற மாதிரி. "நான் இங்க இருக்கேன்."

விற்பனையாளர் திரும்பினார். "சாரிம்மா. எந்த இடத்துல பயன்படுத்த?"

"தொட்டிக்குள்ள இறங்கிப் பார்க்க."

"தண்ணித் தொட்டியாம்மா?"

பத்து நாள் அலைச்சலும் இந்த ஆளின் அலட்சியமும் சேர்ந்து அவளுக்குத் தலைக்கு மேல் ஏறியிருந்தது. "ஏதோ ஒரு தொட்டி. அதுவா முக்கியம்? நீங்க டார்ச்சைக் காட்டுங்க."

காட்டினார். இந்தத் தடவை நிஜமாகவே சாமான். முழுக்க அலுமினியம், கையில் எடுத்தால் சின்ன அம்மிக்குழவி மாதிரி கனம். மூடியின் மரை வெண்ணெயில் திருகுகிற மாதிரி ஓடியது, அந்த மரையில் இரண்டு ரப்பர் வளையம். வெளிச்சம் தட்டு மாதிரி பரந்து விழுந்தது. கடையின் பின்புறக் கிடங்கில், விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் எரியவைத்துப் பார்த்தாள். கணவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டார். வெளிச்சம் ஒரு இம்மிகூட இறங்கவில்லை.

விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. மருமகள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வாளியில் போட்டாள். ஒரு மணி நேரம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. மாடிப்படியின் மேல்படியிலிருந்து சிமென்ட் தரையில் போட்டாள். தலையில் ஒரு கீறல், அவ்வளவுதான். எடுத்து அழுத்தினால் எரிந்தது. "பாத்தீங்களா!" என்று கணவரிடம் கத்தினாள். "இதுதான் சாமான். இதுக்குப் பேர்தான் சாமான்." கீறலைத் துணியால் தேய்த்து மறைத்து, வண்ணக் காகிதம் சுற்றினாள். ஆஸ்பத்திரியில் விரிப்பு மடிக்கிற மாதிரி ஓரங்களை மடித்தாள். ஒரு சுருக்கம் இல்லை.

காலையில் மருமகள் பிரித்தாள். பிரித்ததும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, உடனே உள்ளே போய் ஒளிந்துகொண்டது. பூதக்கண்ணாடியின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"ரொம்ப நல்லாருக்கு அத்தை," என்றாள். "எவ்வளவு கனம்! நிஜமாவே ரொம்ப நல்லாருக்கு."

"தண்ணி போகாது. விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. எல்லாம் பார்த்துட்டேன்."

"தேங்க்ஸ் அத்தை."

திங்கட்கிழமை மருமகள் வேலைக்குப் போன பிறகு, அவள் அறையில் போர்வை மாற்றப் போன மாமியார் அலமாரியில் டார்ச்சைப் பார்த்தாள். மறந்திருப்பாள் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமையும் அங்கேயே இருந்தது. புதன்கிழமையும். டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடி வைத்திருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மருமகள் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம்."

"எது அத்தை?"

"எதுன்னு கேக்கறியா? பத்து நாள் நாயா அலைஞ்சேன். கடைக்காரன்கிட்ட பேச்சு வாங்கினேன். போன்ல பாட்டுக் கேட்டேன். பழைய ஓட்டை டார்ச்சைத் தூக்கிட்டுப் போய் இன்னொரு காலையும் உடைச்சுக்குவே, நான் வாங்கினதைத் தொட மாட்டே. அப்படித்தானே?"

மருமகள் பையைக் கீழே வைத்தாள். "அதை உள்ள கொண்டுபோக முடியாது அத்தை."

"ஏன் முடியாது?"

"பெட்ரோல் இருந்த தொட்டி அது. கழுவினாலும் துருவுக்கு அடியில, மூலை முடுக்குல ஆவி தங்கியிருக்கும். சின்னப் பொறி போதும். டார்ச்சோட சுவிட்சுக்குள்ளயே பொறி வரும். அதுவும் இது அலுமினியம். துருப்பிடிச்ச இரும்பு மேல கை தவறி விழுந்தா அதுவே பொறி பறக்கும். பொறியே வராதுன்னு சோதனை பண்ணி முத்திரை குத்தின டார்ச்தான் உள்ள விடுவாங்க. அதையும் கம்பெனிதான் குடுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு. வாசல்ல போன், கைக்கடிகாரம் எல்லாத்தையும் கழட்டி வாங்கிக்குவாங்க. இதைக் கொண்டுபோனா முதல்ல வேலை போகும். உள்ள கொண்டுபோனா, நானே போயிடுவேன்."

மாமியாருக்கு, மாடிப்படியிலிருந்து சிமென்ட்டில் போட்டுப் பார்த்த சத்தம் காதுக்குள் கேட்டது. ஆனால் அந்தப் பயமும் வாய்க்கு வரும்போது கோபமாகத்தான் வந்தது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க என்னை முன்னாடியே கேக்கறதுக்கென்ன?" என்றாள் மருமகள்.

குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. கடைக்காரரைக் கேட்டாள், மகனைக் கேட்டாள், எலக்ட்ரீஷியனைக் கேட்டாள், முகம் தெரியாத பத்தாயிரம் பேரைக்கூடக் கேட்டாள். கேட்க வேண்டிய ஒருத்தி ஒரே கூரைக்குக் கீழே ஒன்றரை வருஷமாக இருக்கிறாள். மாமியார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் வந்து தட்டினார். "தலைவலி" என்றாள்.

மறுநாள் மத்தியானம் அனுமதி வாங்கிக்கொண்டு டார்ச்சோடு ஃபேக்டரிச் சாமான் கடைக்குப் போனாள். விற்பனையாளர் டார்ச்சின் தலையை விரலால் தடவினார். "கீழ போட்டிருக்கீங்களேம்மா."

"சோதிச்சுப் பார்த்தேன்."

"கீறல் விழுந்தா நாங்க திரும்ப வாங்கறதில்ல."

"பெட்ரோல் தொட்டிக்கு ஆகாத டார்ச்சை எப்படிக் குடுத்தீங்க?"

"தண்ணித் தொட்டியான்னு கேட்டேனேம்மா. ஏதோ ஒரு தொட்டின்னீங்க."

கேட்டார்தான். அவள் சொன்னாள்தான். தப்பு கண்டுபிடிக்க எதிரே ஆள் இல்லாமல் போனால் அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டாள். ஒரு நிறுத்தம் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் சாப்பாட்டு மேஜையருகே காலை நீட்டி, இன்னும் ஆறாத காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் எதிரே உட்கார்ந்தாள். பஞ்சை வாங்கி, தானே துடைத்துவிட ஆரம்பித்தாள்.

"சரி, அந்த முத்திரை குத்தின டார்ச் ஏன் பாதியில படுத்துக்கிச்சு?"

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் வேலையைப் பற்றி மாமியார் கேட்கிற முதல் கேள்வி.

"எல்லாம் பழசு அத்தை. பேட்டரி செத்துப்போச்சு. மூணு தடவை ஸ்டோர்காரர்கிட்ட சொல்லிட்டேன். நல்லா சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போம்மாங்கறார்."

"எழுதிக் குடுத்தியா?"

"வாயிலதான் சொன்னேன்."

"நானும் ஸ்டோர்தான்டி. வாயில சொன்னா நான்கூடக் காதுல வாங்க மாட்டேன். எழுத்துல வந்தாத்தான் எனக்கே பயம்." மாமியார் எழுந்து போய்த் தன் பையிலிருந்து நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள். "எழுது. மங்கலா எரியுதுன்னு எழுதாதே, அதை எவனும் மதிக்க மாட்டான். எந்த நம்பர் டார்ச், எத்தனை மணிநேரம் சார்ஜ் போட்டது, எத்தனாவது நிமிஷம் மங்கிச்சு, அப்போ நீ வாசல்லேர்ந்து எவ்வளவு தூரம் உள்ள இருந்தே. நாலும் இருக்கணும். மத்தவங்க டார்ச்சையும் நாளைக்கு எரியவிட்டுப் பார்த்துக் குறிச்சுட்டு வா. கால்ல அடிபட்டதை முதல் வரியில போடு."

மருமகளின் பேனா நின்றது. "அதை நான் வேலையில யார்கிட்டயும் சொல்லலை அத்தை."

"ஏன்?"

"பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு பேசுவாங்க." பிறகு, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வீட்ல ஒருத்தர் சொன்னதே போதும்னு இருந்துது."

கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த மாமனார் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, குறைத்தது தெரியக் கூடாதே என்று கொஞ்சம் கூட்டினார்.

மாமியாருக்கு முகம் சிவந்தது. மன்னிப்பு என்கிற சொல் அவள் வாயில் என்றைக்கும் புழங்கியதில்லை, அன்றைக்கும் வரவில்லை. பஞ்சை மடித்து, மடித்து, இன்னும் மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள்.

"சொன்னவ தெரியாம சொன்னா," என்றாள் கடைசியில். "நீ முதல் வரியிலயே போடு. யாரு என்ன பேசறாங்கன்னு பார்க்கறேன்."

மருமகள் போட்டாள்.

எழுதியதும் காரியம் நடந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. முதல் கடிதம் கைக்கே வரவில்லை என்றார்கள். "நகல் வெச்சிருக்கியா?" என்றாள் மாமியார். வைத்திருந்தாள், வைக்கச் சொன்னதே மாமியார்தான். இரண்டாவது தடவை கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து, பார்க்கிறோம் என்று ஒரு வரிப் பதில் வந்தது. "எப்போன்னு தேதி கேட்டு எழுது" என்றாள் மாமியார். தினமும் சாயங்காலம் மருமகள் வாசல்படி ஏறும்போதே, "என்னாச்சு?" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வரும். "இன்னும் இல்ல அத்தை" என்பாள். "சோம்பேறிப் பசங்க" என்று பாத்திரம் ஒன்று ணங்கென்று விழும். கணவருக்கே அலுத்துவிட்டது. "அந்தக் கம்பெனியில வேலை பார்க்கறது அவளா, நீயா?" என்றார்.

மூன்றாவது கடிதத்தின் நகலைப் பாதுகாப்பு அதிகாரிக்கும் அனுப்பச் சொன்னாள். எட்டு டார்ச்சுகளும் எத்தனையாவது நிமிஷம் மங்கின என்ற பட்டியல் அதில் இருந்தது. ஒன்றுகூட ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. அந்த அதிகாரி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டோர் அறைக்கே நடந்து போனாராம். ஸ்டோர்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றதை மருமகள் நடித்தே காட்டினாள். மாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புது டார்ச்சுகள் வந்த அன்றைக்கு மருமகள் வேலை முடிந்ததுமே போன் செய்தாள். மாமியார் துணி அறையில் உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சு அத்தை! எட்டும் புதுசு. இன்னிக்கு மூணு மணி நேரம் உள்ள இருந்தேன், அப்படியே எரிஞ்சுது."

"எங்கே, சாயங்காலம் கொண்டுவா, பார்க்கலாம்."

"வெளியில எடுத்துட்டு வரக் கூடாது அத்தை. வாசல்லயே திருப்பிக் குடுத்துடணும்."

பூதக்கண்ணாடி கையிலிருந்த தலையணை உறையைப் பொத்தென்று மேஜை மேல் போட்டாள். ஒரு மாதமாக நாய்ப்பாடு பட்டு வரவழைத்த சாமான், அதை அவள் கண்ணால்கூடப் பார்க்க முடியாதாம்.

"அப்போ நல்ல சாமான்தானான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"நான்தான் சொல்றேனே."

"நீ என்னத்தைச் சொன்னே? எரிஞ்சுதுன்னு சொன்னே. எல்லாம்தான் எரியுது." மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒழுங்கா சொல்லு. உடம்பு எதுல செஞ்சது?"

"ஒரு மாதிரி கெட்டி பிளாஸ்டிக். மஞ்சள் கலர்."

"பிளாஸ்டிக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே வண்டி தள்ளிக்கொண்டு போன சலவை ஆள் ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் போகச் சொல்லிக் கையை வீசினாள். "மூடி மரையா, அழுத்தற மூடியா? வெளிச்சம் எப்படி விழுது? நீ துளை வழியா உள்ள போனதும் முதல்ல எது தெரியுது? அவசரப்படாம, ஒண்ணொண்ணா சொல்லு."

மறுமுனையில் மருமகள் சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.